அம்பாசமுத்திரத்து நெல்லும் அயலூர்ப் புகையானும்

உலக நெல் மரபியலில் அம்பாசமுத்திரத்துக்கு உறுதியான ஓர் இடம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் அதை அறியமாட்டார்கள். புகையான் பூச்சியைத் தாங்கி நிற்கச் செய்யும் மரபணுக்களுக்கு ஆய்வாளர்கள் வரிசை எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் எண் முட்கோ என்ற இந்திய நெல்லில் கண்டறிந்த மரபணுவுக்கு. இரண்டாவது எண், பி.பி.எச். 2, ஏ.எஸ்.டி. 7 என்ற நெல்லில் கண்டறிந்ததற்கு. ஏ.எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரத்தின் சுருக்கம். கார்சம்பா என்ற சிவப்பு நாட்டு நெல்லிலிருந்து அந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் பிரித்தெடுத்த ரகம் அது. பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அத்வால், பதக் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1971இல் வெளியானது. அன்று முதல் புகையானைப் பற்றி எழுதுகிற எவரும் ஏ.எஸ்.டி. 7ஐக் குறிப்பிடாமல் எழுத முடிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிலிப்பைன்ஸ் புகையானை எதிர்த்து நின்ற இந்த நெல்லை இந்தியப் புகையான் எளிதாகக் கொன்றுவிடுகிறது. அயலூரில் வீரன், சொந்த நாட்டில் இரை. பி.பி.எச். 1, பி.பி.எச். 2 இரண்டுமே தெற்காசியாவில் பயன்படவில்லை. நெல் அதே நெல். மரபணுவும் அதே மரபணு. பூச்சியின் இனப்பெயரும் ஒன்றுதான். வேறுபட்டது பூச்சிக் கூட்டத்தின் உள்ளடக்கம். எந்த மரபணு வடிவங்கள் எந்த அளவில் அந்தக் கூட்டத்துக்குள் கலந்து கிடந்தன என்பதுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது.

இயற்கைத் தேர்வு பற்றிய பேச்சில் நாம் பெரும்பாலும் தேர்வைப் பற்றியே பேசுகிறோம்: வறட்சி, பகை, நோய், போட்டி. தேர்வு எதையும் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிறவற்றில் சிலவற்றை மிகுவித்துச் சிலவற்றைக் குறைக்கிறது, அவ்வளவே. எல்லா உயிர்களும் ஒரே அச்சாக இருக்கும் கூட்டத்தில் எவ்வளவு கடுமையான தேர்வு நடந்தாலும் ஒன்று எல்லாம் பிழைக்கும் அல்லது எல்லாம் மடியும், பரிணாமம் நடக்காது. டார்வின் இதை நன்றாகவே அறிந்திருந்தார். 1859இல் வெளியான தன் நூலை அவர் தொடங்கியது போராட்டத்திலிருந்து அல்ல, வளர்ப்பு உயிர்களிலும் காட்டு உயிர்களிலும் காணும் மாறுபாட்டிலிருந்து. ஆனால் அந்த மாறுபாடு தலைமுறை தாண்டி எப்படி நிலைக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெற்றோர் பண்புகள் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிடும் என்ற அக்கால நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் 1867இல் கேட்ட கேள்வி அவரைத் தொல்லைப்படுத்தியது: கலந்துகொண்டே போனால் சில தலைமுறையில் மாறுபாடே மிஞ்சாதே, பிறகு தேர்வுக்கு என்ன வேலை?

விடை அதற்கு முந்தைய ஆண்டிலேயே மெண்டலின் பட்டாணிக் கட்டுரையில் அச்சேறிவிட்டது, கவனித்தவர்தான் இல்லை. மரபணுக்கள் கலப்பதில்லை, சேர்ந்து பிரிகின்றன. மறைந்திருந்த வடிவம் பேரப்பிள்ளைகளிடம் முழுதாக வெளிப்படும். இதைக் கணக்காக்கிய ரொனால்ட் ஃபிஷர் 1930இல் எழுதிய விதி, ஓர் இனக்கூட்டம் தேர்வால் எவ்வளவு வேகமாகத் தகுதி பெறும் என்பது அதற்குள் தகுதியைப் பொறுத்து இருக்கும் மரபு மாறுபாட்டின் அளவுதான் என்கிறது. மாறுபாடு சுழியானால் வேகமும் சுழி.

தேர்வு எங்கே நின்றுபோகும் என்பதைக் கையால் செய்து காட்டியவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜொகான்சன். தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பீன்ஸ் செடிகள் ஒவ்வொன்றின் வழிவந்த விதைகளையும் தனித்தனி வழியாக வளர்த்தார். மொத்தம் 19 வழிகள். வழிக்கு வழி விதையின் சராசரி எடை வேறுபட்டது. ஆனால் ஒரே வழிக்குள் பெரிய விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் சின்ன விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி அசையவே இல்லை. ஒரு வழிக்குள் தெரிந்த பெரிது சிறிதெல்லாம் மண்ணும் நீரும் செய்தவை, மரபில் இல்லாதவை. 1903இல் வந்த இந்த முடிவுதான் தூய வழி என்ற கருத்து. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் உலகமெங்கும் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையங்கள் இதைத்தான் தொழில்முறையாக எடுத்துக்கொண்டன. நெல்லுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கிறது, அயல் கலப்பு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஆண்டு 1937. அதற்கு முன்பே கோயம்புத்தூரில் 1912இல் நெல் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவில் தானாகத் தோன்றிய ஒரு சடுதிமாற்றத்தைப் பார்த்துப் பிரித்தெடுத்த ஜி.இ.பி. 24 என்ற நெல்லை அங்கிருந்தவர்கள் 1921இல் வெளியிட்டிருந்தார்கள். வயலில் புதிதாய்த் தோன்றிய ஒன்றைத் தேர்ந்த கண்கள் கண்டுகொண்டன என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு தென்னாட்டில் இல்லை. அம்பைக்காரர்களின் கையில் கிடைத்தது வேறுவிதமான செல்வம்: ஆற்றுப்பாசன நிலத்தில் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த நாட்டு நெற்கள்.

அந்தச் செல்வத்தின் பழமையைப் பற்றி இப்போது ஓரளவு எண்ணோடு பேச முடிகிறது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டு, 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. அது எந்த வகை நெல் என்று உமி சொல்லாது. மூவாயிரம் ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கில் நெல் மனிதர் கையில் இருந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். மூவாயிரம் பருவங்களுக்குக் குறையாத தேர்வு அது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று நீர் பாய்கிற வயல்களில் இரண்டு பருவங்கள் வேறு. தென்மேற்குப் பருவமழை ஆற்றில் நீரை இறக்கும்போது கார். வடகிழக்குப் பருவமழையோடு பிசானம்.

இந்த இரு பருவமும் நெல்லை இரண்டாகப் பிரித்துத் தேர்வு செய்தவை. நாட்டு நெற்களில் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வித்தியாசம். அந்தச் சிறிய வித்தியாசத்தையும் செடி உணர்கிறது. ஆனியில் நட்ட வயலில் அப்படிப்பட்ட செடி ஒன்று நின்றால், பக்கத்துச் செடிகள் அறுவடைக்கு வரும்போது அது இன்னும் பச்சையாகவே நிற்கும். அதன் விதை குதிருக்குப் போகாது. பிசானத்தில் அதே செடிக்குக் குறை ஒன்றுமில்லை. உழவர் எவரும் மரபியல் படிக்கவில்லை. அறுவடை நாள்தான் தேர்வு செய்தது. அந்த நாள் தேர்வு செய்யும்படி முன்கூட்டிப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் ஒரே வயலில் கலந்து இருந்ததுதான் அடிப்படை.

நாட்டு ரகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல தூய வழிகளின் கூட்டு. ஒன்று இரண்டு நாள் முந்தும், ஒன்றின் தூர் அதிகம், ஒன்றின் தண்டில் பூச்சி உட்காராது. தனிவழித் தேர்வு செய்கிற ஆராய்ச்சியாளர் அந்தக் கூட்டிலிருந்து சில நூறு கதிர்களைத் தனித்தனியே விதைத்து, அவற்றில் நன்றாக விளைந்த ஒன்றை எடுத்து, எண் கொடுத்து வெளியிடுகிறார். ஏ.எஸ்.டி. 7 அப்படி வந்தது. ஒரு வழி வெளியே வந்தால் மற்ற வழிகள் கழிந்தன என்று பொருள். கார்சம்பாவில் கழிந்துபோன வழிகளில் என்னென்ன இருந்தன என்று இப்போது யாராலும் திரும்பிப் பார்க்க முடியாது. தேர்ந்தெடுத்தவர்கள் விளைச்சலைப் பார்த்தார்கள். அந்த ஒரு வழிக்குள் புகையானைத் தடுக்கும் மரபணு இருந்தது அவர்கள் அறியாத கொசுறு.

புகையான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புப் பூச்சி. இலையில் தேடினால் காணக் கிடைக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றுக் குழாய்க்குள் ஊசி போன்ற வாயைச் செருகி உறிஞ்சும். ஒரு தலைமுறைக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்கள். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பயிர் நெருங்கி, யூரியா மிகுந்து, தண்ணீர் தேங்கி நிற்கும் வயல் அதற்குக் கொண்டாட்டம். முதலில் வட்டமாக ஒரு திட்டு காய்ந்து பழுக்கும், பிறகு வயல் முழுதும் தீய்ந்துபோன மாதிரி ஆகும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுங்கள், தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள் என்று வேளாண்துறை சொல்வது இதற்காகத்தான்.

இவ்வளவு பெரிய எதிரியாக அது முன்பு இருந்ததில்லை. 1966இல் ஐ.ஆர்.8 வந்தபின், குட்டையான, உரத்தை வாங்கி நெருக்கமாய்த் தூர் கட்டும் ஒரே ரக நெல் ஆசியா முழுவதும் பரவியபோதுதான் புகையான் தலையெடுத்தது. நம் பக்கத்தில் 1973-74இல் கேரளத்தின் குட்டநாடு பட்ட பாடு பெரியது. லாஸ் பான்யோஸில் உலகத்து நெற்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பூச்சியை ஏவிப் பார்த்தார்கள். முட்கோ தாங்கியது, ஏ.எஸ்.டி. 7 தாங்கியது.

இதற்கிடையில் இன்னொரு தமிழ்நாட்டு நெல்லின் கதை வருகிறது. மாறுபாடு எப்படியெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 புகையானுக்கு இரையாகிற ரகம். அதை ஐ.ஆர்.24 என்ற, இரையாகிற இன்னொரு ரகத்தோடு ஒட்டியபோது பிறந்த வழிகளில் சில புகையானைத் தாங்கின. பெற்றோர் இருவரிடமும் வெளிப்படாத பண்பு பிள்ளையிடம் எப்படி வந்தது? டி.கே.எம். 6இல் பி.பி.எச். 1 இருந்தது, அதை அடக்கிவைக்கும் வேறொரு மரபணுவும் உடன் இருந்தது. ஒட்டியதில் அடக்கும் மரபணு பிரிந்து போன வழிகளில் எதிர்ப்பு வெளிவந்தது. மார்ட்டினஸ், குர்தேவ் குஷ் இருவரும் 1974இல் இதை விளக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1973இல் வெளியான ஐ.ஆர்.26. கண்ணுக்குத் தெரியும் பண்பை மட்டும் வைத்து ஒரு நெல்லைப் பயனற்றது என்று தள்ளுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஐ.ஆர்.26 தாக்குப்பிடித்தது இரண்டு மூன்று ஆண்டுகள்தான். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதை உண்டு பெருகும் புகையான் தோன்றியது. இரண்டாம் உயிர்வகை என்று பெயரிட்டார்கள். உடனே பி.பி.எச். 2 உள்ள ரகங்கள் களத்துக்கு வந்தன. 1976இல் வெளியான ஐ.ஆர்.36 அவற்றில் தலையாயது. உச்சத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் பயிரானது, ஒரே நெல் ரகம் அவ்வளவு பரப்பில் நின்றது அதுவரை இல்லாதது. அதே மரபணுவை நம்பிய ஐ.ஆர்.42 1982இல் வட சுமத்ராவில் சாய்ந்தது.

வயலில் நடந்தது கூண்டுக்குள் முன்பே நடந்திருந்தது. பூச்சிகளை ஏ.எஸ்.டி. 7 செடிமேல் விட்டுத் தலைமுறை தலைமுறையாக லாஸ் பான்யோஸில் வளர்த்தார்கள். பெரும்பாலானவை பட்டினியில் செத்தன, சில பிழைத்தன, பிழைத்தவற்றின் பிள்ளைகளில் பிழைத்தவை இன்னும் அதிகம். மூன்றாம் உயிர்வகை என்று நூல்களில் இருப்பது இப்படி அம்பாசமுத்திரத்து நெல்லின் மேல் வளர்த்து எடுத்த கூட்டம்தான். பின்னர் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிளாரிட்ஜும் டென் ஹாலண்டரும் இந்த உயிர்வகைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிக் காட்டினார்கள். பத்துத் தலைமுறை அளவே போதுமானதாக இருந்தது. அதாவது அவை தனித்தனி வகைகளே அல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எல்லாத் திறன்களும் வெவ்வேறு அளவில் கலந்து கிடக்கின்றன. நாம் நடுகிற நெல் எதை மிகுவிக்கிறதோ அது மேலே வருகிறது.

பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்று உரக்கடையிலும் களத்துமேட்டிலும் சொல்வதுண்டு. தனிப் பூச்சி எதற்கும் பழகுவதில்லை, செத்துப்போகிறது. பழகியது போலத் தோன்றுவது கூட்டம். சாகடிக்கும் சூழல் வருவதற்கு முன்பே அதைத் தாங்கும் மாறுபாடு கூட்டத்தில் இருந்துவிடுகிறது என்பதை லூரியா, டெல்புரூக் என்ற இருவர் 1943இல் பாக்டீரியாவை வைத்து நிறுவினார்கள். புகையானுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 50 குத்து நட்டால் ஹெக்டேருக்கு 5 லட்சம் குத்து. குத்துக்கு 20 பூச்சி என்றால் ஒரு கோடி பூச்சி. ஓர் எதிர்ப்பு மரபணுவை வெல்லும் வடிவம் அந்தக் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றும், அது ஒடுங்கு பண்பு, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்றும் கொள்வோம். இரண்டு பிரதியும் கொண்ட பூச்சி பத்து லட்சத்தில் ஒன்று. ஆக, அந்த ஒரு ஹெக்டேரிலேயே பத்துப் பூச்சிகள் தயாராக இருக்கும். ஒற்றைப் பிரதியை மறைவாகச் சுமப்பவை ஏறக்குறைய 20,000. புது ரகம் நடப்படும் நாளுக்கு முன்பே இவ்வளவும் அங்கே உண்டு. அந்தப் பக்கம் ஒரு கோடிப் பேர் கையில் வெவ்வேறு எண்ணுள்ள லாட்டரிச் சீட்டு. நெல் பக்கம் 5 லட்சம் குத்தும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஏ.எஸ்.டி. 7 சொந்த நாட்டில் தோற்றதற்கு வருவோம். ஐ.ஆர்.26ஐயும் இந்தியாவில் நட்டுப் பார்த்தபோது அது தொடக்கத்திலிருந்தே தாங்கவில்லை. முறிந்துபோக இங்கே இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. தெற்காசியப் புகையானை நான்காம் உயிர்வகை என்று தனியே வைத்தார்கள். பி.பி.எச். 1, 2 போன்றவை இந்தியத் துணைக்கண்டத்து நாட்டு நெற்களில் தோன்றிப் புழங்கியவை. அவற்றோடு நெடுங்காலம் பழகிய பூச்சிக் கூட்டத்தில் அவற்றை வெல்லும் வடிவங்கள் முன்பே மிகுந்திருந்தன என்று கருதுவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிலிப்பைன்ஸ் கூட்டத்துக்கு அவை புதியவை. ஓர் உயிரின் தகுதியை அதன் எதிரியின் கூட்டத்தைச் சொல்லாமல் சொல்ல முடியாது என்பதை அம்பையின் நெல்லைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

இதே மண்டலத்திலிருந்துதான் அசையாத எதிர்ப்பும் கிடைத்தது. பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரது ஹீனட்டி இரண்டும் பல பத்தாண்டுகளாகப் பல நாட்டுப் புகையானையும் தாங்குகின்றன. இந்தியாவில் புகையான் சோதனை எங்கே நடந்தாலும் தாங்கும் நெல்லுக்கு அளவுகோல் பி.டி.பி. 33தான். இவற்றில் எதிர்ப்பு ஒற்றை மரபணுவைத் தொங்கிக்கொண்டில்லை. பல சேர்ந்து வேலை செய்கின்றன. பூச்சி ஒரே தாவலில் எல்லாவற்றையும் தாண்ட வேண்டுமானால் அத்தனை அரிய வடிவங்களும் ஒரே பூச்சியில் கூட வேண்டும். அது எளிதில் நடக்காது.

மருந்து அடித்துத் தீர்க்கலாமே என்றால், அங்கும் கதை மாறவில்லை. இமிடாகுளோபிரிட் ஒரு காலத்தில் புகையானுக்குக் கைகண்ட மருந்து. 2000களின் நடுவிலேயே ஆசியா முழுதும் அதன் வேகம் தணிந்தது. காரணமான மரபணு ஒன்றைப் பிரித்தறிந்திருக்கிறார்கள். நஞ்சை உடைக்கும் நொதிக்கான அந்த மரபணு சில பூச்சிகளில் இரட்டிப்பாகிவிட்டது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது மாறிமாறி மருந்தை உடைக்கப் பழகிய வடிவங்களில் ஒன்றாயிற்று. அடித்த மருந்தில் முதலில் செத்தவை புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும். இதைப் புரிந்துகொண்ட இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது, துணிச்சலான முடிவு.

அரிய மாறுபாடு எவ்வளவு அரியது என்பதற்கு ஒரு கணக்கு. புகையான் சாற்றை உறிஞ்சி மட்டும் கெடுப்பதில்லை, புல் குட்டை நோய் என்ற நச்சுயிரியையும் பரப்புகிறது. அதைத் தாங்கும் நெல்லைத் தேடி லாஸ் பான்யோஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதைத் தொகுப்புகளைச் சோதித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்திலிருந்து போன நிவாரா என்ற காட்டு நெல். அந்தத் தொகுப்பிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, சில மட்டுமே தாங்கின. ஐ.ஆர்.36 கோடி ஹெக்டேரில் நின்றதற்கு அந்தச் சில களைச் செடிகளும் காரணம். விதை சேகரித்தவர் ஒரே ஒரு கதிரை மட்டும் கிள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்று அம்பை, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களில் கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர் வரும்: அம்பை 16. ஏ.டி.டி. 31ஐயும் கோ 39ஐயும் ஒட்டி 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 அது. குறுகிய காலம், குண்டு அரிசி, இட்லிக்கு உகந்தது, நல்ல விளைச்சல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாயாமல் நின்று பல வீடுகளின் கடனை அடைத்த நெல் அது. பழைய நெற்களை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சிலும் எனக்கு ஒப்புதல் இல்லை; உயரமாக வளர்ந்து மழையில் படுத்துவிடும் நெல்லைக் குத்தகை நிலத்தில் யார் நடுவார்? என் குறை வேறு. நெல்லின் பக்கத்தில் மாறுபாட்டை ஒழித்துக்கொண்டே போகிறோம், பூச்சியின் பக்கத்தில் அதை ஒழிக்க வழியே இல்லை. எவ்வளவு ஆராய்ச்சி செய்தாலும் இந்தச் சமமின்மை இருக்கும்வரை நாம் பின்தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்போம்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நோய்தான் உயிர்க் கூட்டங்களைப் பலவகையாக வைத்திருக்கிறது என்றார். பெரும்பான்மையாக இருக்கும் வடிவத்தைத் தாக்கவே நோய்க்கிருமி தேர்வாகும்; அரிதாக இருப்பது தப்பும்; தப்பியது பெருகினால் அதன் முறையும் வரும். எட்டு ஆண்டு கழித்து அவர் இந்தியாவில் குடியேறினார். அவர் சொன்னதை வயலில் செய்து பார்த்தது சீனம். யுன்னான் மாகாணத்தில் குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ஒட்டரிசி நெல்லை, தாங்கும் ரகத்தின் வரிசைகளுக்கு இடையில் கலந்து நட்டபோது ஒட்டரிசி நெல்லில் நோய் 94 சதவீதம் குறைந்தது. 2000இல் வெளியான முடிவு. கலந்து நட்டால் அறுவடையும் அரவையும் தொல்லை என்பது உண்மை. கால்வாய்க்கு ஒரு ரகம், மடைக்கு ஒரு ரகம் என்று பிரித்து நடுவதற்கு அந்தத் தொல்லையும் இல்லை.

மேலே மலையில் இதே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. களக்காடு முண்டந்துறையின் சிங்கவால் குரங்குகள் போலச் சிறு கூட்டமாய் வாழும் உயிர்கள், தேர்வே இல்லாமலும் மாறுபாட்டை இழக்கின்றன. இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கேற்பவை 50 என்றால் தலைமுறைக்கு ஒரு சதவீதம், பத்து என்றால் ஐந்து சதவீதம் மாறுபாடு தற்செயலாகவே போய்விடும். நல்லது கெட்டது பார்க்காது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொகுதி வடக்கிலிருந்து ஒதுங்கிக் கிடப்பதால், அங்குள்ள யானைக்கும் புலிக்கும் வழித்தடம் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் மரபணுப் போக்குவரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

குறுங்கூட்டத்தின் இந்தக் கேடு விதைப்பெட்டிக்குள்ளும் நடக்கிறது. பாரம்பரிய நெல் விதைத் திருவிழாக்களில் ஒரு கைப்பிடி விதை வாங்கி வந்து, நான்கு பாத்தியில் நட்டு, செழித்த சில கதிர்களை மட்டும் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கும் அன்பர்கள் பலர் உண்டு. அவர்கள் பாதுகாப்பது ரகத்தின் பெயரை. அந்த நெல்லுக்குள் நூற்றுக்கு ஐந்து செடியில் மட்டும் இருக்கும் ஒரு வழியை எண்ணிப் பாருங்கள். 20 செடியிலிருந்து விதை எடுத்தால் அது ஒன்றுகூட அகப்படாமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. 100 செடியிலிருந்து எடுத்தால் அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே விதை காக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் நடந்து குறைந்தது நூறு செடியில் ஒவ்வொரு கதிர் எடுங்கள். நெட்டை, குட்டை, முந்தியது, பிந்தியது எல்லாம் சேரட்டும். கார் நெல்லைக் காரிலும் பிசான நெல்லைப் பிசானத்திலும் விதையுங்கள். எந்த ஊர், எந்தக் கால்வாய்ப் பாசனம், எந்தப் பருவம் என்று பையின் மேல் எழுதி, அதில் ஒரு பங்கை அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொடுத்து வையுங்கள்.